மாமனார் முகம் போட்ட துண்டு

ஒனிச்சாவில் மீன்கொத்திகள் அணி மூன்று கோல் வாங்கித் தோற்றது ஏன் என்று சொந்த ஊரான மகுர்டியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: துண்டு போய்விட்டது. அதைக் கேட்டுக் கேட்டு ஓர்குமாவுக்குக் காது புளித்துவிட்டது. கோலில் நின்றவன் அவன். நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் அவன். அவனிடம் மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

நடந்தது இதுதான். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்வரை யாருக்கும் கோல் இல்லை. ஒனிச்சாக்காரர்களின் மாற்று ஆட்டக்காரன் ஒருவன், உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறவன் மாதிரி ஓரமாக ஓடி ஓடி வந்தான். வலைக்குப் பின்னால் வந்ததும் கையை விட்டு, அங்கே தொங்கிய துண்டை உருவிக்கொண்டு எடுத்தான் ஓட்டம். போனால் போகிறது, கையுறையைச் சட்டையில் துடைத்துக்கொள்ளலாம் என்று ஓர்குமா பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் காவலுக்கு நின்ற இரண்டு பேரும் அப்படி நினைக்கவில்லை. "ஐயோ, துண்டு!" என்று அலறிக்கொண்டு திருடன் பின்னால் ஓடினார்கள். கோட்டைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, ஐஸ் விற்கிறவர்களைத் தாண்டி ஓடினார்கள். ஒனிச்சாவின் முன்வரிசைக்காரன் சந்தைக்குக் காய் வாங்கப் போகிறவன் மாதிரி நடந்து வந்து, நின்று, எந்த மூலை என்று யோசித்து அடித்தான். ஓடிப்போனவர்கள் திரும்பி வந்ததும் ரெஃபரி இருவருக்கும் சிவப்பு அட்டை காட்டினார். மிச்சமிருந்த ஒன்பது பேரை வைத்துக்கொண்டு என்ன கிழிப்பது? இன்னும் இரண்டு விழுந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் சிவப்பு அட்டை வாங்கியவர்களில் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, மனசத் தேத்திக்குங்க."

"எதுக்குடா தேத்தணும்?"

"துண்டு போச்சே அண்ணே."

"நீ போனதாலதான்டா கோல் போச்சு! ஒரு துண்டுக்குப் பின்னால எவனாவது மைதானத்த விட்டு ஓடுவானா?"

"பின்ன? பெரியவரு முகத்த ஒனிச்சாக்காரன் கையில குடுத்துட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"அதானே" என்றது பஸ். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்து "அதானே" என்றார். ஓர்குமா ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டான்.

பெரியவர் என்பது ஓர்குமாவின் மாமனார் அன்யாம். செத்து இரண்டு வருஷம் ஆகிறது. கிழங்கு வியாபாரி, லாரி லாரியாக ஏற்றி அனுப்பியவர், ஊரே திரண்டு வந்த சாவு. அப்படிப்பட்ட வீட்டில் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? அவர் தொப்பியும் மீசையுமாக முறைத்துக்கொண்டிருக்கும் படத்தைப் போட்டு, கீழே "போய் வாருங்கள் அப்பா" என்று அச்சடித்து, ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். வீட்டில் மிச்சம் கிடந்த ஒன்றை ஓர்குமா மேட்சுக்கு எடுத்துப்போனான். நல்ல தடிமன், ஈரத்தை உறிஞ்சியது. வேறு காரணம் எதுவும் கிடையாது. அன்றைக்குப் பார்த்து ஒரு பெனால்டியைப் பிடித்துத் தொலைத்தான். அவ்வளவுதான். கோல் வலையில் செத்தவர் முகம் தொங்குகிறதாம், பந்து வந்தால் முறைக்கிறதாம், பந்து பயந்து கீப்பர் கையில் விழுகிறதாம்.

சரி, வேறு யார் முகமாவது இருந்திருந்தால்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். இந்த மனுஷர் உயிரோடு இருந்தவரை மருமகனின் ஒரு மேட்சுக்கும் வந்ததில்லை. பெண் கேட்டுப் போனபோது, மூட்டை இறக்குகிற இடத்திலேயே நிற்கவைத்துக் கேட்டார்.

"பந்து பிடிக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா? எங்கிட்ட லாரியில ஏத்தி இறக்குறவனும்தான் பிடிக்கிறான். அவன் கிழங்கு பிடிக்கிறான். கீழ விட்டா உடையும். நீ விட்டா என்ன உடையும்?"

கூலிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். காஷிமானா அப்பாவோடு சண்டை போட்டுத்தான் ஓர்குமாவைக் கட்டிக்கொண்டாள். பேத்தி இவெரென் பிறந்த பிறகு பெரியவர் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், குழந்தையைக் கொஞ்சினார். பந்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இத்தனைக்கும் ஓர்குமா நேற்று முளைத்த கீப்பர் இல்லை. பள்ளிக்கூடத்தில் உயரமாக இருந்த பாவத்துக்குக் கம்பத்துக்கு நடுவே நிறுத்தப்பட்டவன். லாஃபியாவில் ஒரு சின்ன அணிக்குப் புல்லே இல்லாத மைதானத்தில் விழுந்து விழுந்து இடுப்புத்தோலை உரித்துக்கொண்டவன். மகுர்டிக்கு வந்து இரண்டாவது கீப்பராக ஐந்து வருஷம் பெஞ்சைத் தேய்த்தவன். ஒரு முறை நாட்டு அணி முகாமுக்கும் கூப்பிட்டார்கள். மூன்றாவது கீப்பருக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டார்கள், காய்ச்சல் விட்டதும் பஸ் ஏற்றிவிட்டார்கள். தானாகவே சோப்புத் தண்ணீரில் முக்கியெடுத்த பந்தை வைத்துப் பழகினான். யார் எந்தக் காலால் அடிக்கிறார்கள், அடிக்கும் முன் எங்கே பார்க்கிறார்கள் என்று நாடு முழுக்க உள்ள பெனால்டிக்காரர்களை மனதில் ஏற்றி வைத்திருந்தான். இவ்வளவு பாடுபட்டு முப்பத்துநாலு வயதில் நல்ல பெயர் எடுத்தான், அதுவும் துண்டுக்குப் போயிற்று. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள், சரி. இங்கே துண்டே இடத்தைப் பிடித்துக்கொண்டு இவனை நிற்கவைத்துவிட்டது.

ஒனிச்சாவிலிருந்து வந்த மறுநாள் அக்கம்பக்கத்தார் துக்கம் கேட்க வந்தார்கள். நிஜமாகவே வந்தார்கள். ஒருவர் பீர் பெட்டி எடுத்து வந்தார், இன்னொருவர் கோழி. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எப்படி நடந்துச்சு? கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்றெல்லாம் கேட்டார்கள். கோயில் பாதிரியார் வந்து, இழந்தது திரும்பக் கிடைக்க வேண்டுமென்று ஜெபம் செய்துவிட்டுப் போனார். ஓர்குமா பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமென்" என்றான்.

அன்று மாலையே சேர்மன் ஆக்பெர் கூப்பிட்டு அனுப்பினார். நாலு பெட்ரோல் பங்குக்கு முதலாளி, அணிக்கும் முதலாளி; ஆட்டக்காரர்கள் வாயில் 'ஓகா'. பக்கத்தில் கோச் பன்கோலே உட்கார்ந்திருந்தார்.

"கீப்பர், ஞாயித்துக்கிழமை கடைசி மேட்ச்" என்றார் சேர்மன். "கானோக்காரன் வர்றான். டிரா பண்ணினாப் போதும், நாம லீக்குல இருப்போம். தோத்தாக் கீழ போயிருவோம். கானோக்காரனுக்கு ஜெயிச்சாக் கோப்பை. கொலவெறியோட வருவான். தெரியுமில்ல?"

"தெரியும் ஓகா."

"துண்டுக்கு என்ன பண்ணப் போற?"

"ஓகா, அது முகம் துடைக்கிற துண்டு."

"அதே படம் போட்டது இன்னொண்ணு இருக்குமில்ல? ஊருக்கே குடுத்தீங்களே?"

"குடுத்தோம். பாதிப்பேரு வீட்டுல அது கரித்துணியாப் போச்சு. போன வாரம் ஒருத்தன் அதை வெச்சு மோட்டார்பைக் செயின் துடைச்சிட்டிருந்தான். அதுல சக்தி இருந்தா அவன் பைக் பறந்திருக்கணும்."

"விதண்டாவாதம் பேசாத. ஒண்ணு தேடிக் கொண்டாந்து கட்டு."

ஓர்குமா இரண்டு வருஷமாகப் போகட்டும் போகட்டும் என்று விட்டதெல்லாம் ஒரேயடியாக வந்தது.

"கட்ட மாட்டேன் ஓகா. இனிமே எந்தத் துண்டையும் கட்ட மாட்டேன். என் கைய நம்பி நிறுத்துறதா இருந்தா நிறுத்துங்க."

சேர்மன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கைய நம்பி எவன்யா டீம் நடத்துறான்? அப்ப ரெண்டாவது கீப்பர் சாத்தெர் நிக்கட்டும். ஞாயித்துக்கிழமை யாரு நிக்கிறானோ அவனுக்குத்தான் அடுத்த வருஷம். ரெண்டு கீப்பருக்குச் சோறு போட என்னால ஆகாது."

வாசலில் கோச்சைப் பிடித்தான். வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்த மனுஷர், இவராவது பேசுவார் என்று நினைத்தான்.

"நீங்களுமா கோச்?"

"நான் நம்பலப்பா" என்றார் பன்கோலே. "ஆனா நம்ம டிபென்ஸ் நம்புது. எதிராளி நம்புறான். ஜனங்க நம்புது. ஊரு முழுக்க நம்பாதவன் நீ ஒருத்தன்தான், அதை வெச்சு நான் எப்படி ஆள் எடுக்கிறது?"

முப்பத்துநாலு வயது கீப்பரை வேறு எந்த அணி எடுக்கும்? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஓர்குமா அதையே கேட்டுக்கொண்டு நடந்தான். ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்கக் கால் திரும்பவில்லை.

காஷிமானா உரலில் கிழங்கு இடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் உலக்கையை நிறுத்தினாள்.

"ஏன் இவெரென் அப்பா, ஒரு துண்டக் கட்டினா உன் கை தேஞ்சா போயிரும்?"

"உனக்கும் அதே பேச்சுதானா? ரெண்டு வருஷமா அதைத் துவைச்சு, இஸ்திரி போட்டு, சாமி துணி மாதிரி தனியா மடிச்சு வெக்கிறவதானே நீ! உங்கப்பா உயிரோட இருந்தப்ப ஒரே ஒரு மேட்சுக்கு வந்தாரா? ஒருநாள் வந்து உக்காந்து பாத்தாரா? செத்தப்புறம் மட்டும் எல்லா மேட்சும் அவருதான் ஜெயிச்சுத் தர்றாராம்! நான் பிடிச்ச பந்துக்கு அவருக்கு மாலை!"

சொன்ன பிறகுதான் அதிகமாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. காஷிமானா உலக்கையை எடுத்து மறுபடி இடித்தாள், தேவைக்கு மேலேயே இடித்தாள். அன்றைக்குக் கிழங்கு வெண்ணெய் மாதிரி இருந்தது, இருவருக்கும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் முழுக்க மைதானத்துக்கு வந்துவிட்டது. உடைமாற்றும் அறையில் சாத்தெர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது, கை நல்ல கை, ஓர்குமாவே சொல்லிக்கொடுத்தது. முகம்தான் வெளுத்துப்போயிருந்தது.

"என்னடா?"

"அண்ணே, வயிறு சரியில்ல."

"காலையில என்ன தின்ன?"

"ஒண்ணும் திங்கல. அதுக்கே நாலு தடவ போயிட்டு வந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "துண்டில்லாத கோல்ல எப்படிண்ணே நிக்கிறது? நீங்க பெரியவரு மருமகன், உங்கள மன்னிச்சிருவாரு. நான் யாரு அவருக்கு?"

சொல்லிக்கொண்டே ஐந்தாவது தடவை எழுந்து ஓடினான். கோச் அவன் போன திசையைப் பார்த்தார். பிறகு கையுறையை எடுத்து ஓர்குமாவின் மடியில் போட்டார்.

"போ, நில்லு. சேர்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

இப்படியும் ஒருவனுக்கு வாய்ப்பு வருமா? ஓர்குமாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மாட்டிக்கொண்டு போய் நின்றான். வெற்று வலையைப் பார்த்ததும் கூட்டம் சாவு வீடு மாதிரி அடங்கிப்போயிற்று. கோலுக்குப் பின்னால் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

அன்று அவன் ஆடிய ஆட்டம் அவன் வாழ்க்கையில் ஆடாத ஆட்டம். முதல் பாதியில் மூலையைப் பார்த்துப் போன தலைமுட்டுப் பந்து ஒன்றை விரல்நுனியால் தட்டிவிட்டான். தனியாக வந்த ஒருவனின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடுங்கினான். இரண்டாம் பாதியில், தன் அணிக்காரன் முதுகில் பட்டுத் திசை மாறிய பந்தை, விழுந்துகொண்டே திரும்பி இடது கையால் வெளியே தள்ளினான். எழுந்ததும் கூட்டத்தைப் பார்த்தான். இப்போதாவது தெரிகிறதா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கூட்டம் கைதட்டவில்லை. துண்டில்லாமல் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் மீன்கொத்திக்காரன் ஒருவன் பந்தைக் கையால் தட்டித் தொலைத்தான். பெனால்டி. கானோவுக்கு அடிக்க வந்தவன் ஜக்காரி. அந்த வருஷம் ஒரு பெனால்டியும் தவறவிடாதவன். ஓர்குமா அவனை இரண்டு வருஷமாகக் கவனித்து வைத்திருந்தான். பந்தை வைத்துவிட்டுத் தலை குனிந்தால் கீப்பரின் வலப்பக்கம், நிமிர்ந்தே இருந்தால் இடப்பக்கம். ஜக்காரி குனிந்தான். வலது. இதைப் பிடித்தால் போதும். துண்டில்லாமல், மாமனார் இல்லாமல், ஊர் முழுக்கப் பார்க்க, கையால் பிடித்தால் போதும்.

ரெஃபரி சுற்றி நின்று கத்தியவர்களை விலக்கிக்கொண்டிருந்தார். அப்போது கூட்டம் திடீரென்று இடி இடித்த மாதிரி எழுந்தது. ஓர்குமா திரும்பினான். வேலியைத் தாண்டி, வலைக்குப் பின்னால் காஷிமானா நின்றாள். கையில் அழுக்கேறிய துண்டு. வலையில் இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். தொப்பியும் மீசையுமாக மாமனார் மைதானத்தை முறைத்தார்.

"அவுரு அதை!" என்று ஓர்குமா கத்தினான். "இப்பவே அவுரு!"

யாருக்குக் கேட்டது? விசில் ஊதியாயிற்று. ஜக்காரி ஓடி வந்தான். ஓர்குமா இடது காலை ஊன்றி வலப்பக்கம் பாய்ந்தான். சரியான பக்கம், சரியான உயரம். பந்து வந்திருந்தால் கைக்குள் உட்கார்ந்திருக்கும். ஆனால் பந்து அவன் கைக்கும் மேலே, கம்பத்துக்கும் மேலே, மைதானத்துச் சுவருக்கும் மேலே எகிறி ரோட்டுக்குப் போய்விட்டது.

கடைசி விசில் கேட்டதும் ஜனங்கள் உள்ளே பாய்ந்தார்கள். ஓர்குமா எழுந்து நின்றான். அவனைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் அவன் காலை மிதித்துவிட்டு "மன்னிச்சுக்க கீப்பர்" என்றான். துண்டை அவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். சேர்மன் அதை வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதார், பிறகு மூக்கைச் சுளித்தார், பிறகு மறுபடி அழுதார்.

ஜக்காரி சட்டை மாற்றிக்கொள்ள வந்தான்.

"ஏன் தம்பி?" என்றான் ஓர்குமா. "நீயுமா அந்தத் துண்டைப் பாத்துப் பயந்த?"

"எந்தத் துண்டு?" என்றான் ஜக்காரி. "நான் உங்க காலைப் பாத்தேன். நான் அடிக்கப் போற பக்கமே பாயறதுக்கு நீங்க இடது கால ஊனிட்டீங்க. போச்சுடா, தெரிஞ்சு வெச்சிருக்காருன்னு கடைசி நேரத்துல தூக்கி அடிச்சேன். எகிறிருச்சு."

ஓர்குமா அவனைக் கட்டிப்பிடித்தான். "வா, வந்து இதை எங்க சேர்மன்கிட்ட சொல்லு. வா!"

"ஐயையோ!" ஜக்காரி கையை உதறிக்கொண்டான். "கோப்பையக் கோட்டை விட்டதுக்கு எங்காளுங்க என்னை உரிச்சுருவாங்க. துண்டுதான் காரணம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எங்க கோச்சே 'பாவம், நீ என்ன பண்ணுவ'ன்னு தட்டிக் குடுத்தாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வெளிய சொல்லிராதீங்க அண்ணே!"

இதற்குமேல் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? சட்டையைக் கொடுத்தனுப்பிவிட்டு வேலியோரம் போனான். காஷிமானா கையை முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் பிடிச்சிருப்பேன்டி" என்றான். "சரியான பக்கம் போனேன். நீ மட்டும் அதைக் கட்டாம இருந்திருந்தா, பேரு எனக்கு வந்திருக்கும்."

"தெரியும். நீ கால ஊனினதுமே தெரியும். எத்தன வருஷமாப் பாக்கிறேன்."

"பின்ன எதுக்குக் கட்டுன? உனக்குத்தான் அதுல அவ்வளவு நம்பிக்கையாச்சே!"

"எனக்கு நம்பிக்கைன்னு யாரு சொன்னா?"

"துவைச்சுத் துவைச்சு வெச்சியே?"

"வேர்வ நாத்தம். துவைச்சேன்." அவள் அவனைப் பார்க்காமல் வலையைப் பார்த்தாள். "எங்கப்பா ஒரு மேட்சுக்கும் வரலைன்னு சொன்ன இல்ல? நெசம்தானே. எனக்கு மனசே ஆறல. இதுவே உனக்குக் கடைசி மேட்சாப் போனாலும் போகும். ஒரு தடவ வந்து பாக்கட்டும்னுதான் கூட்டிட்டு வந்தேன். முகத்த உன் பக்கம் திருப்பித்தான் கட்டினேன்."

ஓர்குமா கையுறையைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை.

"வர்றதுதான் வந்தாரு" என்றான் கடைசியில், "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வரக் கூடாதா? மூணு பந்து பிடிச்சேன்டி! இடது கையில ஒண்ணு பிடிச்சேன் பாரு, அந்த மாதிரி இனிமே எனக்கே வராது! அதெல்லாம் விட்டுட்டு, நான் தொடாத பந்தப் போயிக் காட்டியிருக்கியே!"

"வடாட்டாச் சந்தையில மீன்காரிகிட்டதான் முகம் அழியாம ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. செதில் துடைக்க வெச்சிருந்தா. குடுக்க மாட்டேன்னுட்டா. கெஞ்சி வாங்கிட்டு ஓடி வர்றதுக்குள்ள..."

மைதானத்தின் நடுவில் துண்டு கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கொரு நூல் எடுத்துக்கொள்ளலாம் என்று எவனோ கத்த, ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்திருந்தார்கள். மாமனாரின் தொப்பி ஒரு பக்கமும் மீசை ஒரு பக்கமுமாக இழுபட்டது.

"டேய்!" என்று ஓர்குமா கத்தினான். "விடுங்கடா! கிழிச்சிராதீங்க, அது எங்க மாமனாருடா!"

சொல்லிக்கொண்டே ஓட ஆரம்பித்தான். ஒனிச்சாவில் அந்த இரண்டு பேரும் ஓடினார்களே, அப்படித்தான் ஓடினான். ஊர் முழுக்க அதைப் பார்த்தது. "பாத்தியா," என்று தொப்பிக் கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், "அவனுக்குத் தெரியாதா என்ன?"